நால்வர் கூடாரம்

தம்பெரே நகரத்து வெளிவட்டச் சாலையில்
வாடகைக்கு அறைகள் உண்டு, மனிதருக்கு அல்ல.
நான்கு சதுர மீட்டர், மாதம் எழுபத்தொன்பது யூரோ.
ஜன்னல் கிடையாது, ஈரம் கிடையாது,
தாழ்ப்பாள் வெளியே மட்டும்.
இரவில் நான் காவல்.
ஆறு திரைகள், ஒரு காபிக் குடுவை.

வீடுகள் பெரிதாகப் பெரிதாக
இங்கே வருகிறவர்களும் கூடுகிறார்கள்.
இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டதே இல்லை.
போன மாதம் ஒருத்தி
தன் வீட்டுச் சவுனாவில் அடைத்திருந்த பெட்டிகளையெல்லாம்
இங்கே இறக்கிவிட்டு
இனி நிம்மதியாக வேர்க்கலாம் என்று சிரித்தாள்.
பத்தே நாளில் இன்னோர் அறை கேட்டாள்.

நான் மட்டும் யோக்கியமா?
இருபத்தைந்து வருடக் கடனில் ஒரு வீடு,
தவணையில் பாத்திரம் கழுவும் இயந்திரம்.
கழுவ, இரண்டு தட்டு.

சி நடைவழி, 217.
ரௌனோ கெத்துனென் வியாழக்கிழமைகளில் வருவார்.
மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல் விற்றுப் பணக்காரர் ஆனவர்.
பாதி ஊரின் காதை அடைத்தவன் நான் என்பார்.
வாசலில் பனிவாரும் வண்டி போனாலும்
அவர் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால்
மீன் வாயசைப்பதுபோல் இருக்குமாம்.

அந்த அறையில் பழசு எதுவும் இல்லை.
பிரிக்காத துடுப்புப் பயிற்சி இயந்திரம்.
உறைந்த ஏரியில் துளையிடும் திருகுகோல்,
முனையில் இன்னும் பிளாஸ்டிக் உறை.
முப்பது நாளில் இத்தாலிய மொழி, ஒலிநாடாக்களில்.
நால்வர் தங்கும் கூடாரம் ஒன்று,
விலைச்சீட்டில் யூரோவுக்கு முந்தைய மார்க்கா.

செத்தவர்களின் சாமான்கள் எனக்குப் பழக்கம்.
இவை யாருடையவை என்றுதான் தெரியவில்லை.
வாங்கியவர் எதிரே உட்கார்ந்திருந்தும்.

முக்காலி போட்டுச் சும்மா இருப்பார்.
ஏழு நிமிடம் அசைவில்லை என்றால்
இங்கே விளக்கு தானாக அணையும்.
திரை கறுக்கும். நான் காபியை வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.
மறுபடி வெளிச்சம் வரும்போது
அவர் கை மேலே இருக்கும்,
வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டதுபோல.
உள்ளேன் ஐயா.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழன்,
நான்காவது திரையில் ஏதோ உப்பிக்கொண்டு வந்தது.
நடைவழியை அடைத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில்.
இறங்கி ஓடினேன்.

‘பாதையில் பொருள் வைக்கக்கூடாது.’
‘தெரியும். இந்தக் கம்பி எங்கே போகும்?’

பதினோரு மொழிகளில் குறிப்பு இருந்தது.
பதினொன்றிலும் அந்தக் கம்பி இல்லை.
அவர் ஒரு முனையை வளைக்க, என் முனை எகிறி
தீயணைப்புக் குழாய்ப் பெட்டியில் மோதியது.
ஒருவழியாக நின்றது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.
உள்ளே கால்நூற்றாண்டாக யாரும் முகராத
புதுத் துணி வாசம்.

‘நாங்கள் மூன்று பேர்தான்.
எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாக வாங்குவேன்.’
அந்த மூன்று பேரைப் பற்றி அவர் மேலே பேசவில்லை.
நானும் கேட்கவில்லை. முழங்கால் வலித்தது.

விளக்கு அணைந்தது.
பழக்கத்தில் கையைத் தூக்கினார். துணியில் இடித்தது.
எங்களை எந்தக் கருவியும் பார்க்கவில்லை.
எங்கோ ஒரு குளிரூட்டி முனகிற்று.
அவர் சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா,
இருட்டில் இரண்டும் ஒரே சத்தம்.
என் ஆறு திரைகளும் மேலே யாருமில்லாமல்
ஓடிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.
எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பிறகு மடித்தோம். உருட்டினோம். அதன்மேல் ஏறி மண்டியிட்டோம்.
வந்த பைக்குள் அது திரும்பப் போகவே இல்லை.
கடையில் எந்தப் பேய் மடித்ததோ என்றார்.
கைக்கொள்ளாமல் அள்ளிக்கொண்டு
கார் நிறுத்துமிடத்துப் பனியில் இழுத்துப் போனார்,
ஒரு கயிறு பின்னால் கோடு போட்டபடி.

பதிவேட்டில் எழுதினேன்:
சி நடைவழி, 21.40. தடை. அகற்றப்பட்டது.

பை மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
அடுத்த வியாழன் கேட்டால் கொடுக்க வேண்டும்.
இன்னும் கேட்கவில்லை.